அணைக்காமல் ஊது

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று செங்கரட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த அளவு கனம்கூட இல்லாவிட்டால் கழுத்து எதற்கு?

மாவட்டத்திலேயே முதன்முதலாகப் ‘பச்சைப் பள்ளி’ பலகை வாங்கியது எங்கள் தொடக்கப் பள்ளிதான். நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், நானூறு வேலை நாள், ஒரு சிவப்பு கூட இல்லை. ஆள் வைத்து மாட்டலாம் என்று ஜெபா டீச்சர் சொன்னார். நான் கேட்கவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறி வாசல் தூணில் திருகாணி முடுக்கினேன். சண்முகவடிவு, தலைமையாசிரியை என்று அதன் அடியில் என் பெயரும் இருந்தது.

பச்சை, சிவப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் ‘காப்பு’ கொடுத்தார்கள். இடது மணிக்கட்டில் கட்டும் ரப்பர் பட்டை, நடுவில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு விளக்கு. அதைக் கட்டிவிட வந்த கம்பெனிப் பையன் கார்முகிலன், எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான்.

“இதயத் துடிப்பு, தோல்ல ஊறுற வேர்வை, கை நடுக்கம், இது மூணையும் பார்த்துக்கிட்டே இருக்கும் மேடம். முதல் மூணு நாள் பிள்ளையப் படிச்சுக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை எங்க பயந்தாலும், பள்ளிக்கூடமோ வீடோ வழியிலயோ, இதுக்குத் தெரிஞ்சிரும். பச்சைன்னா பத்திரம். ஆரஞ்சுன்னா கவனிங்க. சிவப்புன்னா உங்க போனுக்கும் மாவட்ட ஆபீசுக்கும் ஒரே நேரத்துல தகவல் வந்திரும்.”

“ஏன் தம்பி, பயந்தா பிள்ளைங்க வாயத் தொறந்து சொல்லாதா?”

“மிரட்டி வச்சா சொல்லாது. மாத்திச் சொல்லும். உடம்பு பொய் சொல்லாது மேடம்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு குழந்தையைச் சித்தப்பாவின் வீட்டிலிருந்து மீட்டது இந்தக் காப்புதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மனதார ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட கையோடு ஒரு பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அதுவரை காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் “நேத்து என்ன பண்ணுனே?” என்று கேட்பது என் வழக்கம். நாய் குட்டி போட்டது முதல் அப்பா அம்மா சண்டை வரைக்கும் எல்லாம் வெளியே வரும். காப்பு வந்த பிறகு அந்த அரை மணி நேரம் எதற்கு என்று தோன்றியது. டேப்லெட்டைத் திறந்தால் நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன, அப்புறம் என்ன கேள்வி?

ஆனால் முதல் மாதம் அப்படி இருக்கவில்லை. பதினேழு சிவப்பு விழுந்தது. இடி இடித்தால் சிவப்பு, தடுப்பூசி நர்ஸம்மா படியேறினால் சிவப்பு. ஒன்றாம் வகுப்பு வாசலில் ஓணான் வந்து நின்றதற்கு ஒரே நேரத்தில் நான்கு சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் இரண்டு நாளில் விளக்கப் படிவம் எழுத வேண்டும். “குழந்தை எதைக் கண்டு அஞ்சியது? அருகிலிருந்த பெரியவர் யார்? மீண்டும் நிகழாமலிருக்க எடுத்த நடவடிக்கை என்ன?” ஓணானுக்கு எதிராக எடுத்த நடவடிக்கையை எழுதும்போது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் மாவட்டக் கூட்டத்தில் எங்கள் பள்ளியின் பெயரைச் சிவப்புப் பட்டியலில் வாசித்தார்கள். அதுதான் என்னைச் சுட்டது.

அன்றைக்கே யோசித்து ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் வலது கையை மூடிப் பூ மொட்டு மாதிரி மூக்கருகே வைக்க வேண்டும். நான்கு எண்ணி மோந்து பார்க்க வேண்டும். பிறகு இடது கைச் சுண்டுவிரலை நிமிர்த்த வேண்டும். அதுதான் விளக்கு. ஆறு எண்ணி மெல்ல ஊத வேண்டும். வாயால் ஊதி விளக்கை அணைப்பது நம் வீடுகளில் ஆகாது அல்லவா? அதனால், “சுடர் ஆடணும், ஆனா அணையக் கூடாது, அணைக்காம ஊது” என்று சொல்லிக் கொடுத்தேன். பயம் வந்தால் இப்படிச் செய்தால் போதும், துடிப்பு தானாக இறங்கிவிடும்.

இரண்டே வாரத்தில் பள்ளி பச்சையானது. இடி இடிக்கும், நாற்பத்தொரு சுண்டுவிரல்கள் எழும், பச்சை அப்படியே இருக்கும். மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். மாவட்டப் பயிற்சி முகாமில் மேடையேறி அறுபது தலைமையாசிரியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கும் அதே பெருமை. சிவப்பு விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பள்ளியின் மானம் என்று அசெம்பிளியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

எங்கள் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் சோலார் தகடுகள்தான். முன்பு பருத்தி விளைந்த கரிசலில் இப்போது கண்ணாடி விளைகிறது என்று சொல்லிக்கொள்வோம். பெண்கள் பாதிப் பேருக்குத் தகடு கழுவும் வேலை, ஆறரை மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் உண்டு. ஓட்டுபவன் அருண்பாண்டி. வணக்கம் சொல்லாமல் தாண்ட மாட்டான், ஆயுத பூஜைக்குப் பிள்ளைகளுக்குப் பொரி வாங்கி வந்தான். ஜூனில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது நன்னடத்தைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

அது கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை. நாலு பத்துக்கு வேன் வந்தது. பிள்ளைகள் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். நாலாம் வகுப்பு ஆதிரை மட்டும் வாசல் தூணருகே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்தாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். பிறகு நிமிர்ந்து பை வாரோடு ஒட்டினாற்போல் இடது சுண்டுவிரலை லேசாகத் தூக்கினாள். உதடு குவிந்தது. ஆறு எண்ணி ஊதினாள். காப்பு பச்சையாகவே எரிந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. “பார்த்தீங்களா ஜெபா, வீட்டுக்குப் போறப்பகூட பயிற்சி பண்ணுது பிள்ளை” என்றேன்.

வேன் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெபா டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைவிட இருபது வயது சின்னவர், அதிகம் பேச மாட்டார்.

“இங்க எதுக்கு டீச்சர் ஊதணும்?” என்றார். “இடி இல்ல, ஊசி இல்ல. வீட்டுக்குத்தானே போறா?”

சட்டென்று கோபம் வந்துவிட்டது. நல்லதைக்கூட நோண்டாமல் இருக்க முடியாதா என்று அவரைக் கடிந்துகொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் வேன் போன பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆதிரைக்குப் பயமே கிடையாது என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பயமில்லாத பிள்ளை எதற்கு விளக்கு ஊத வேண்டும்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முகத்துக்கு நேரே இருந்ததே தெரியவில்லை.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்மாய்த் திருப்பத்தில் வேனை மறித்தேன். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள், ஆதிரையை நானே வீட்டில் விடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மற்றப் பிள்ளைகள் இறங்கும் வரை வேனோடு போகச் சொல்லி, வழியில் பார்த்த சமையல் அக்காவையும் அதில் ஏற்றிவிட்டேன். அருண்பாண்டி வழக்கம்போல வணக்கம் சொன்னான். ஆதிரை முன் சீட்டில் இருந்து இறங்கினாள். எட்டு இருக்கை காலியாக இருந்தும் அவள் முன் சீட்டில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பள்ளியில் கதவைத் திறந்தே வைத்து, ஜெபா டீச்சர் எதிர் வராந்தாவில் தெரிகிற மாதிரி உட்காரச் சொல்லிவிட்டு, ஆதிரையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பயிற்சியில் படித்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. துருவக் கூடாது, வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் மேடையேறிச் சொன்னவள் நான்.

“வேன்ல ஏறுறதுக்கு முன்னால விளக்கு ஊதுனியே தாயி, பார்த்தேன்” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

காப்பைத் திருகினாள்.

“ஊதலைன்னா சிவப்பாயிரும் டீச்சர்.”

“ஆனா ஆகட்டுமே.”

“போர்டு போயிரும்ல?”

இந்த வயது வரை என்னை யாரும் கன்னத்தில் அறைந்ததில்லை. அன்றைக்கு அறை வாங்கினேன். அவள் தொடர்ந்து பேசினாள். தினமும் முன் சீட்டில்தான் உட்காரச் சொல்வதாகவும், எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாகத் தன்னைத்தான் இறக்குவதாகவும் சொன்னாள். பிறகு நடந்ததையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. “பிடிக்கலைன்னு சொன்னேன் டீச்சர். காப்பு பச்சையாத்தானே இருக்கு, உனக்கு ஒண்ணும் இல்லைன்னாரு” என்றாள்.

“நீ சொன்னது நல்லதாப் போச்சு. நான் நம்புறேன். இதுல உன் மேல ஒரு தப்பும் கிடையாது” என்று சொன்னேன். இனி அந்த வேனில் அவள் ஏறப் போவதில்லை என்றும், இதை அவள் அம்மாவிடமும் போலீஸ் அக்காவிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு, பேச்சுப் போட்டி நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அம்மா இசக்கி தகடு கழுவின ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“காப்பு இருக்குன்னுதானே டீச்சர் நான் தைரியமா வேலைக்குப் போனேன்?”

தலைகுனிந்து நின்றேன்.

மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் காப்பு வந்த பிறகு ஒரு விதியும் கூடவே வந்திருந்தது. புகார் எதுவானாலும் காப்பின் பதிவை ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். பதிவு முழுக்கப் பச்சை என்றால் ‘முகாந்திரம் இல்லை’ என்று கட்டிவைத்துவிடலாம். குழு கூடுவதற்கு ஒன்பது நாள் ஆகும். அதுவரை அருண்பாண்டிக்கு வேன் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒன்பது நாளும் ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்கவில்லை. அவன் தங்கமான பையன் என்றார்கள் சிலர். கிழவிக்குப் பேர் எடுக்கும் ஆசை இன்னும் அடங்கவில்லை என்றார்கள் வேறு சிலர். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து, பச்சை காட்டியதைச் சிவப்பு என்று சாதிப்பது என்ன நியாயம் என்றார்கள். பலகை போய்விடும் என்று எனக்கே ஞாபகப்படுத்தினார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, உதிரியாக இருந்த நாற்பத்திரண்டாவது காப்பை எடுத்து என் கையில் கட்டிக்கொண்டேன். கடைசித் துளையில்தான் மாட்டியது.

மூன்று நாள் அது என்னைப் படித்தது. பிறகு வேலையைக் காட்டத் தொடங்கியது. குளியலறையில் பல்லி விழுந்தது, சிவப்பு. குழம்பில் உப்பு இல்லை என்று என் கணவர் முனகினார், ஆரஞ்சு. “எனக்கும் ஒண்ணு கட்டிவிடேன், முப்பது வருசமாச் சிவப்புதான்” என்றார் அவர். சிரித்துவிட்டு, பூ மோந்து, விளக்கு ஊதிப் பழகினேன். நாற்பத்தொரு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நான் அதுவரை ஒரு நாளும் எனக்காக ஊதிப் பார்த்ததில்லை. ஊதினால் பச்சையாகிறது. பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை ஜூனிலிருந்து நூற்றுப் பதினெட்டு நாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்று உறைத்தபோது, வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

குழுவுக்குத் தலைவி மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் நஸ்ரின் பேகம். கறாரானவர் என்று பெயர். பிள்ளையை அந்த அறைக்கு அழைத்து வர மாட்டேன் என்று நான் முன்கூட்டியே சண்டை போட்டிருந்ததால், அவரே வீட்டுக்குப் போய் இசக்கி பக்கத்தில் இருக்க ஆதிரையிடம் பேசிவிட்டு வந்திருந்தார். கம்பெனியின் சார்பில் அதே கார்முகிலன். இப்போது மீசை வைத்திருந்தான்.

திரையில் பச்சைக் கோடு ஓடியது. “நூத்திப் பதினெட்டு சாயங்காலம் மேடம். ஒரு ஆரஞ்சு கூட இல்ல. துடிப்பு சீரா இருக்கு. பயந்த பிள்ளைக்கு இப்படி வரவே வராது” என்றான் அவன்.

கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்கிறவருக்கு மதி எங்கே போயிற்று? நாலு பத்துக்குப் பசியோடு, கூச்சலோடு, தள்ளுமுள்ளோடு வேனில் ஏறுகிற பிள்ளைக்குத் துடிப்பு சீராக இருக்குமா? மற்றப் பிள்ளைகளின் கோட்டைக் காட்டச் சொன்னேன். மலையும் மடுவுமாக ஏறி இறங்கியது. ஆதிரையின் கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

“அவ அமைதியான சுபாவமா இருக்கலாம்ல” என்றான் கார்முகிலன். நல்ல பையன்தான். தான் செய்த பொருளை நம்புகிறவன்.

முந்தானையை விலக்கி மேசைமேல் என் இடது கையை வைத்தேன். “தம்பி, இது என்ன கலர்?”

அவன் குனிந்து பார்த்துவிட்டு, தன் டேப்லெட்டிலும் உதிரி எண் நாற்பத்திரண்டைத் திறந்து பார்த்தான். “பச்சை மேடம்.”

“எவ்வளவு நேரமா?”

“நீங்க உள்ள வந்ததுல இருந்தே பச்சைதான்.”

“அப்ப நான் பயப்படலை.”

“இல்ல மேடம்.”

“இந்த ரூமுக்கு வெளியில ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். ஜெபா டீச்சரைக் கேளுங்க” என்றேன். “முப்பது வருசச் சர்வீசு. இன்னிக்கு என் பேரு போகப் போகுது. நான் கையெழுத்துப் போட்டு நல்லவன்னு சொன்ன ஆளுகிட்டதான் அந்தப் பிள்ளைய ஒப்படைச்சேன். பச்சையா இருக்கணும்னு மூச்சை அடக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். அவளுக்கு மட்டும் இல்ல, அறுபது பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். பயத்துல வந்த வழியே ஓடிரலாம்னு இருக்கு. இப்பவும் பச்சைதானே தம்பி?”

பேச்சுக்கு நடுநடுவே நான் ஊதிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இடது கை மேசைமேல் இருந்ததால், மேசைக்கு அடியில் விளக்காக நிமிர்த்தியிருந்த வலது சுண்டுவிரலை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினேன்.

“இப்ப விளக்கைக் கீழ வைக்கிறேன்.”

ஊதுவதை நிறுத்தினேன். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆரஞ்சு. பிறகு சிவப்பு. டேப்லெட் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கார்முகிலன் அதை அணைக்கப் போனான். நஸ்ரின் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அது கத்தி முடிக்கும் வரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேடையில் உண்மையைச் சொன்ன மாதிரி இருந்தது.

கார்முகிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “இதை நாங்க சோதிச்சுப் பார்க்கவே இல்ல மேடம். பிள்ளைங்க இப்படிச் செய்யும்னு யாருக்கும் தோணலை.”

“பிள்ளைங்களுக்குத் தோணலை. எனக்குத் தோணுச்சு” என்றேன்.

நஸ்ரின் பேகம் நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார். பிறகு வாசித்தார். சட்ட மொழியில் இரண்டு பக்கம். எங்களை அனுப்பும்போது அதையே சாதாரணமாகச் சொன்னார்: “காப்பு ஆபத்துன்னு கூப்பிட்டா ஓடிப் போவோம். ஆனா பச்சையா இருக்குன்னு சொல்லி இனிமே எந்தப் பிள்ளையோட வாயையும் அடைக்க முடியாது. பிள்ளை சொன்னா, அதுதான் முதல் சாட்சி.” அந்த விதி எங்கள் மாவட்டத்தில் அன்றே மாறியது, மாநிலம் முழுக்க மாறச் சில மாதம் ஆனது.

அருண்பாண்டியை அன்று மாலையே கைது செய்தார்கள். மறு வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்கள் அம்மாக்களிடம் வாயைத் திறந்தார்கள். வழக்கு நடக்கிறது, இசக்கி ஒரு வாய்தாவைக்கூட விடவில்லை. மேலாண்மைக் குழுவின் மூன்று பேரும் ஒரு நாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். மறுபடியும் காபி கொடுத்தேன், இந்தத் தடவை சர்க்கரை போடவில்லை. இப்போது வேனை ஓட்டுவது ஒரு பெண், கூடவே தினம் ஒரு தாய் போய் வருகிறாள்.

பலகையைக் கழற்ற யாரும் உத்தரவு போடவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். அறுபது பள்ளிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், நான் சொல்லிக் கொடுத்தது பாதிப் பாடம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில இடங்களில் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். காலை வருகைப் பதிவில் “நேத்து என்ன பண்ணுனே?” மறுபடி வந்துவிட்டது. அரை மணி நேரம் போகிறது, போனால் போகட்டும். பூவும் விளக்கும்கூட இருக்கின்றன, ஆனால் வரிசை மாறிவிட்டது. பயம் வந்தால் முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஊத வேண்டும்.

சொல்லிக் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஆசிரியைக்கு உடனே தெரிவதில்லை. தை போய் மாசி வந்தது. ஆதிரை மெல்ல மெல்லப் பழையபடி விளையாட ஆரம்பித்தாள். பேசுவதுதான் குறைவு. அவளுடைய காப்பு எப்போதும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றிருக்கும். நிஜப் பச்சையா, ஊதின பச்சையா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலாம் வகுப்புக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு. மூன்று நாள் படிக்கக் கொடுத்தும் ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்குத்தான் முன்கோபம் மூக்குமேல் ஆயிற்றே. மேசையைத் தட்டினேன். “பன்னிரண்டு ஏழு எவ்வளவு? ஆதிரை, எழுந்திரு” என்று கத்தினேன். என் குரல் கண்மாய்க்கரை வரை கேட்டிருக்கும்.

எழுந்து நின்றாள். என் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்து கத்தியது. எடுத்துப் பார்த்தேன். சிவப்பு எச்சரிக்கை. குழந்தை: ஆதிரை. இடம்: நான்காம் வகுப்பு. அருகிலிருந்த பெரியவர்: சண்முகவடிவு.

எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் மடங்கியே இருந்தது. காப்பு தக்காளிப் பழம் போல எரிந்தது.

நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். “என்ன தாயி?”

“நீங்க கத்துனா பயமா இருக்கு டீச்சர்.” என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். “முதல்ல சொல்லணும்னு சொன்னீங்கள்ல. அதான் இன்னும் ஊதலை.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமை என்றால் அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டூல்மேல் ஏறி மாட்டுகிற பெருமைதான். எழுந்து நின்று, உங்களைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று என்னிடமே சொல்ல என் மாணவிக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பலகையை எந்த மாவட்டம் கொடுக்கும்? மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் கத்த மாட்டேன் என்று சொல்லவில்லை, எனக்கு என்னைத் தெரியும். கத்தினால் உடனே சொல்லிவிடு என்றேன். சரி என்றாள். பிறகுதான் சுண்டுவிரலைத் தூக்கினாள்.

மாலையில் விளக்கப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாகி எங்கள் பள்ளிப் பிள்ளைக்கு விழுந்த முதல் சிவப்பு. ஓணானுக்கு எழுதியதைவிட இது சுலபமாக இருந்தது.

குழந்தை எதைக் கண்டு அஞ்சியது? என்னை.

அருகிலிருந்த பெரியவர் யார்? நான்.

மீண்டும் நிகழாமலிருக்க எடுத்த நடவடிக்கை என்ன? தலைமையாசிரியையின் குரல் குறைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளின் சிவப்பு குறைக்கப்படவில்லை.

கையெழுத்துப் போட்டு ஒரு நகல் எடுத்தேன். வாசல் தூணில் பழைய திருகாணித் துளைகள் அப்படியே இருந்தன. ஜெபா டீச்சர் கேட்காமலே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.